கல்லிலா, ஓலையிலா?

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்கு தினமும் வர்ற தலைவலி இது. இந்த டேட்டாவை டேட்டாபேஸ்ல எழுதணுமா, இல்ல கேஷ்ல வச்சிட்டு சோலி முடிஞ்சதும் தூக்கிப் போட்டுரலாமா? டிஸ்க்கில் எழுதினா நிலைக்கும், ஆனா மெதுவா நடக்கும். மெமரியில் வச்சா வேகம். மெஷினை அணைச்சா எல்லாம் போச்சு.

வள்ளியூர்ல உட்கார்ந்து இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு பாண்டியர் காலம்தான் ஞாபகத்துக்கு வரும். அவங்களுக்கும் இதே பிரச்சினைதான். ஓலைல சட்டுனு கீறிடலாம், ஆனா செல்லு அரிச்சுடும். கல்லு நிக்கும், ஆனா ஒவ்வொரு எழுத்தா உளி வச்சு வெட்டணும். அப்ப எதைக் கல்லுல வெட்டினாங்க?

திருநெல்வேலி பக்கத்துல மானூர். அங்கே கோயில்ல மாறஞ்சடையனோட 35-ம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, சுமார் கி.பி. 800. ஊர்ச்சபையில யார் உட்காரலாம், என்ன படிச்சிருக்கணும்னு விதிகள். எதைச் சொன்னாலும் 'கூடாது, கூடாது'ன்னே முட்டுக்கட்டை போடுறவருக்கு 5 காசு தண்டம்! (எங்க ஆபீஸ் மீட்டிங்குக்கு அவசரமாத் தேவை :-)) கவனிங்க, கல்லுல ஏறினது விதி மட்டும்தான். அன்னிக்கு யார் யாரைத் திட்டினாங்கங்கிறது அதுல இல்லை. விதி ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேணும். சண்டை அன்னியோட முடிஞ்சது.

அடுத்தது வேள்விக்குடிச் செப்பேடு. நம்ம தாமிரபரணிக் கரை கொற்கைக்காரர் நற்கொற்றனுக்கு முதுகுடுமிப் பெருவழுதி ஒரு ஊரைத் தானமாக் கொடுத்தார். களப்பிரர் வந்தாங்க, ஊர் பறிபோச்சு. பல தலைமுறை கழிச்சு, 8-ம் நூற்றாண்டுல, அந்த வம்சத்து ஆள் ஒருத்தர் நெடுஞ்சடையன் பராந்தகன்கிட்ட வந்து முறையிட்டார். ராஜா உடனே தூக்கிக் கொடுத்துடலை. நாட்டாரை வச்சு உன் பழைய உரிமையை நிரூபின்னார். அவரும் நிரூபிச்சார், ஊர் திரும்பக் கிடைச்சது. இந்தக் கதை மொத்தமும் இந்தத் தடவை செம்புல ஏறிடுச்சு. அடுத்த தலைமுறையும் ஊர் ஞாபகத்தை நம்பி நிக்கக்கூடாது பாருங்க! அந்தச் செப்பேடு இப்ப லண்டன்ல இருக்கு.

ஓலைல மட்டும் இருந்தது என்னாச்சு? உ.வே.சா. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனார். வரதுங்கராம பாண்டியன் சேர்த்து வச்ச ஏடுகள் அங்கேதான் இருந்துச்சு. கோயில்காரங்க, பழுதான ஏடுகளை ஆகம முறைப்படி ஹோமத் தீயில போட்டுட்டோம்னு சொன்னாங்களாம். அதுல என்னென்ன நூல் இருந்ததோ! எழுதினவனும் இல்லை, வேற பிரதியும் கையில இல்லைன்னா திரும்ப எங்கே போய் வாங்க?

ஆக, நான் எடுத்துக்கிட்ட பாடம் ஒண்ணுதான். 'இது முக்கியமா'ன்னு கேக்காதீங்க; எல்லாம் முக்கியமாத்தான் தெரியும். 'இது அழிஞ்சா மறுபடி உண்டாக்க முடியுமா'ன்னு கேளுங்க. டேட்டாபேஸ்லருந்து கணக்குப் போட்டு எடுத்த பட்டியல் போனா, திரும்பக் கணக்குப் போடலாம். அது கேஷ்லயே கிடக்கட்டும். ஒருத்தர் பணம் கட்டின விவரம் போனா? வேள்விக்குடிக்காரர் மாதிரி அவர் சாட்சி தேடி அலையணும். அதை டிஸ்க்கில் எழுதாம 'பணம் வந்துடுச்சு'ன்னு பதில் சொல்லவே கூடாது.

அப்புறம், கல்லுல வெட்டிட்டோம்னு தூங்கிடவும் கூடாது. கொள்ளிடக்கரைத் திருமழபாடியில கோயிலைப் பிரிச்சுக் கட்ட ராஜராஜன் உத்தரவு போட்டப்ப, சுவர்ல இருந்த கல்வெட்டுகளை முதல்ல புத்தகத்துல படியெடுத்தாங்க. ராஜேந்திரனோட 14-ம் ஆட்சியாண்டுல, சுமார் 1026-ல, அதைப் புதுச்சுவர்ல திரும்ப வெட்டினாங்க. கல்லுக்கு பேக்கப் அந்தப் புத்தகம்தான்!

2009-ல யாஹூ ஜியோசிட்டீஸை இழுத்து மூடினப்ப அதை நம்பி எழுதினவங்க எத்தனை பேர் படி எடுத்து வச்சிருந்தாங்க? உங்க எழுத்துக்கு வேற எங்கேயாவது ஒரு பிரதி இருக்கா மக்களே? இல்லைன்னா இன்னிக்கே ஒண்ணு எடுத்து வைங்க.