பொட்டியோட வந்ததும் கடையில வாங்கினதும்

2003 ஜனவரியில ஆப்பிள் கம்பெனி ஐடியூன்ஸ், ஐஃபோட்டோ, ஐமூவி, ஐடிவிடி நாலையும் சேத்துக் கட்டி ஐலைஃப்னு பேர் வெச்சாங்க. புது மேக் வாங்கினா கூடவே வரும். பழைய மேக் வெச்சிருந்தவங்க 49 டாலர் குடுத்து டப்பா வாங்கணும். கணினியோட வந்த மென்பொருள் அந்தக் கணினிக்குச் சொந்தம். பொட்டியை வித்தா வட்டையும் சேத்துக் குடுத்துடலாம், கணக்கு முடிஞ்சது.

2011 ஜனவரி 6-ம் தேதி மேக் ஆப் ஸ்டோர் திறந்தாங்க. கட்டு பிரிஞ்சது. ஐஃபோட்டோ, ஐமூவி, கராஜ்பேண்ட் ஒவ்வொண்ணும் 14.99 டாலர். ஒண்ணே ஒண்ணு போதும்கறவங்களுக்கு லாபம்தான். ஒரு தடவை வாங்கினா நம்மகிட்ட இருக்கற எல்லா மேக்லயும் போட்டுக்கலாம், அதுவும் நல்ல விஷயம்.

வில்லங்கம் அதே வருஷம் ஜூலையில லயன் வந்தப்பறம்தான். புது மேக்ல உள்ளேயே இருக்கற ஐலைஃபைக் கூட நம்ம ஆப்பிள் ஐடியில 'ஏத்துக்கணும்'. அதாவது மென்பொருள் பொட்டியை விட்டு ஆளோட கணக்குக்கு மாறிடுச்சு. அந்த மேக்கை செகண்ட்ஹேண்ட்ல வாங்கினவர் ஐமூவியை அப்டேட் பண்ணப் போனா, வித்தவரோட பாஸ்வேர்டைக் கேக்கும்! (வீட்டை வாங்கிட்டு சமையக்கட்டு சாவிக்குப் பழைய ஓனரைத் தேடற மாதிரி.)

2013 அக்டோபர்ல புது மேக் வாங்கறவங்களுக்கு பேஜஸ், நம்பர்ஸ், கீநோட்டும் இலவசம்னாங்க. 2017 ஏப்ரல்ல ஐமூவி, கராஜ்பேண்ட் உட்பட எல்லாமே எல்லாருக்கும் இலவசம். பாவம், ஐடிவிடியும் ஐவெப்பும் அந்தக் கடைக்கு வரவே இல்லை. பழைய வட்டைத் தூக்கிப் போடாம வெச்சிருந்தவங்க பொழைச்சாங்க.