செஞ்ச கையின் பெயர்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் கார் தொழிற்சாலைகள்தானே ஞாபகத்துக்கு வருகின்றன? அங்கே ராமானுஜர் சந்நிதிக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். உள்ளே இருப்பது 'தான் உகந்த திருமேனி'. ராமானுஜரே பார்த்து மகிழ்ந்து தழுவிக்கொண்ட சிலை என்கிறது வைணவ மரபு. பார்த்தவரின் சந்தோஷமே சிலைக்குப் பெயராகிவிட்டது. அந்தப் பெயரில் சிற்பிக்கு இடமில்லை!

ரோமில் கதை வேறு. தான் செதுக்கிய 'பியட்டா'வை இன்னொருவர் செய்ததாக யாரோ சொன்னது காதில் விழ, ராத்திரியோடு ராத்திரியாகத் தன் பெயரை அதில் பொறித்துவிட்டார் மைக்கேலாஞ்சலோ என்று எழுதுகிறார் வசாரி.

'அவர்களுக்கு அகங்காரம், நமக்கு அடக்கம்' என்று அவசரப்பட்டு மார்தட்ட வேண்டாம். ராமானுஜர் அடைக்கலம் புகுந்த அதே ஹொய்சள நாட்டில், 1258-ல் எழுந்த சோமநாதபுரம் கோயில் சிலைகளுக்குக் கீழே 'மல்லிதம்மா' என்று சிற்பியின் பெயர் பளிச்!

பெயர் பொறித்தாலும் சரி, மறைந்துகொண்டாலும் சரி, செஞ்ச கைக்கு வேண்டியது, பார்க்கிறவர் முகத்தில் அந்த 'உகந்த' மலர்ச்சிதான்.