கோடையிற் கூடிய கணித முகாம்

கணிதத்தை விரைந்து விடை காணும் வித்தையாகக் கொள்வார் பலர். ஆழ்ந்து சிந்திக்கும் பயிற்சியாக அதனைக் கொண்டவர் பேராசிரியர் ஆர்னல்ட் றொஸ். 1957ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் நொத்தர்டேம் பல்கலைக்கழகத்தில் பள்ளி மாணவர்க்கெனக் கணித முகாமொன்றை அவர் தொடங்கினார். ஸ்புட்னிக் விண்ணேறியதும், அமெரிக்கர் விஞ்ஞானக் கல்வியில் முனைந்ததும் அதன் பின்னரே. 1964இல் முகாம் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது.

அங்கே முதன்மைப் பாடம் எண் கோட்பாடு. முழு எண்களை அறியாத மாணவர் இலர். ஆதலின் தொடங்குவதற்கு முன்னறிவு மிகுதியாக வேண்டியதில்லை. மாணவர் எண்களைக் கணித்துப் பார்ப்பர். அவற்றிடையே ஓர் ஒழுங்கைக் காண்பர். அது எப்போதும் மெய்யாகுமோ என ஐயுறுவர். பின்னர் தாமே நிறுவ முயல்வர். கூற்றுப் பிழையாயின், அதனைத் திருத்தி மெய்யாக்க வழி தேடுவர்.

முன்னர் அங்குப் பயின்றவருட் பலர் வழிகாட்டிகளாய் மீண்டு வந்து, இளையவரோடு தங்கி, அவர்தம் நிறுவல்களைத் திருத்துவர். ஆயினும் விடையைத் தாமே எடுத்துக் கூறார். உதவும் ஆசையை அடக்குவதே அவர்க்குரிய கடும் பயிற்சி. மாணவன் தானே கண்டறிந்த உண்மை அவனை விட்டு நீங்குவதில்லை.

றொஸ் 2000ஆம் ஆண்டு வரை முகாமை நடத்தி, 2002இல் மறைந்தார். அங்குப் பயின்றோர் 1989இலேயே பொஸ்ரன் பல்கலைக்கழகத்தில் அதுபோன்ற முகாமொன்றை நிறுவியிருந்தனர். மாணவர் ஆசிரியராகும் இடத்தில், தொடங்கியவர் மறைந்தாலும் பணி மறைவதில்லை.