மணலிற் புதைந்த இஞ்சினின் மறுபிறப்பு

பழம்பொருள் ஒன்றின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் அதனை உடையவர் பெயரையே பேசுவர். அதனை வார்த்தவன் யார், கடைந்தவன் யார், பழுது பார்த்தவன் யார் என வினவுவார் மிகச் சிலர். அரசர் சரித்திரமே சரித்திரம் என்றெண்ணிய காலம் கழிந்ததெனப் பலரும் கூறுகின்றனர். ஆயினும் யந்திரங்களின் சரித்திரத்தில் அவ்வெண்ணம் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. இதனை விளக்குதற்கு, 'பாப்ஸ்' என்னும் மோட்டார் வண்டியின் இஞ்சின் எங்கே பிறந்தது, எவ்வாறு மணலிற் புதைந்தது, எவ்விதம் மீண்டும் உயிர் பெற்றது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1917-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. அதற்கு ஆகாய விமானங்கள் வேண்டும். விமானங்களுக்கு ஏற்ற இஞ்சின்கள் வேண்டும். பாக்கார்டு கம்பெனியைச் சேர்ந்த ஜெஸ்ஸி வின்சென்ட், ஹால் ஸ்காட் கம்பெனியைச் சேர்ந்த எல்பர்ட் ஹால் ஆகிய இருவரும் வாஷிங்டன் நகரில் வில்லர்ட் ஹோட்டலில் தங்கி, சில நாட்களுக்குள்ளாகவே ஓர் இஞ்சினின் படத்தை வரைந்து முடித்தனர். அதுவே 'லிபர்ட்டி' இஞ்சின். அதற்குப் பன்னிரண்டு சிலிண்டர்கள். அவை ஆறு ஆறாக இரு வரிசைகளில் 45 பாகைச் சாய்வில் நிற்பன. ஒவ்வொரு சிலிண்டரும் 5 அங்குல விட்டமுடையது. பிஸ்டன் 7 அங்குலம் ஏறியிறங்கும். மொத்தக் கொள்ளளவு 27 லிட்டர். பாக்கார்டு, லிங்கன், போர்டு முதலிய மோட்டார் தொழிற்சாலைகள் இவற்றை 20,000-க்கு மேல் செய்து குவித்தன.

இவ்விஞ்சினில் ஒன்றனை நேயர்கள் நினைவில் இருத்தல் வேண்டும். சிலிண்டர்கள் யாவும் ஒரே வார்ப்பாக அமையாமல், ஒவ்வொன்றும் தனித்தனி உருக்குக் குழாயாய், அதனைச் சுற்றி மெல்லிய தகட்டு நீருறையுடன் செய்யப்பட்டது. பல ஆலைகளிற் செய்யப்படினும் உறுப்புகள் ஒரே அளவினவாய் இருக்க வேண்டுமென்பது வகுத்தோர் கருத்து. ஒன்று பழுதுற்றால் அதனை மட்டும் கழற்றி மாற்றலாம்.

போர் முடிந்தபின் இவ்விஞ்சின்கள் மிஞ்சிக் கிடந்தன. இங்கிலாந்தில் கென்ட் மாகாணத்து ஹையம் மாளிகையில் வாழ்ந்த லூயி ஸ்பொரோவ்ஸ்கி என்னும் செல்வப் பிரபு, கிளைவ் கல்லப் என்னும் யந்திர நிபுணரின் துணைகொண்டு, அவற்றுள் ஒன்றனைப் பெரியதோர் வண்டியிற் பொருத்தினார். போருக்கு முற்பட்ட பென்ஸ் வண்டியின் கியர்ப் பெட்டியும், பின்சக்கரங்களைச் சுழற்றச் சங்கிலிகளும் அதில் அமைந்தன. 1924-ல் இத்தாலியிலுள்ள மோன்சா பந்தயத்தில் அப்பிரபு மாண்டார். அவ்வண்டியை 125 பவுனுக்கு வாங்கினவர் ஜே. ஜி. பாரி தாமஸ். இவர் லேலண்டு கம்பெனியில் தலைமை யந்திர நிபுணராய் இருந்தவர். தம் கையாலேயே வேலை செய்யும் ஆற்றலுடையவர். நான்கு கார்புரேட்டர்களையும், தாமே வகுத்த பிஸ்டன்களையும் அமைத்து இஞ்சினைப் புதுக்கினார். வண்டிக்குப் 'பாப்ஸ்' எனப் பெயரிட்டார். 1926 ஏப்ரல் 28-ல் வேல்ஸ் நாட்டின் பெண்டைன் கடற்கரையில் மணிக்கு 171 மைல் வேகம் கண்டு உலகை வியப்பித்தார்.

மறு ஆண்டு பிப்ரவரியில் மால்கம் காம்ப்பெல் அவ்வேகத்தை வென்றார். இழந்ததை மீட்கும் பொருட்டு 1927 மார்ச் 3-ல் அதே கரையில் ஓடிய தாமஸ், வண்டி கவிழ்ந்து உயிர் துறந்தார். நண்பர்கள் வண்டியை அம்மணலிலேயே புதைத்தனர். சங்கிலி அறுந்து அவரைத் தாக்கியதென்ற கதை நெடுங்காலம் வழங்கிற்று. துயரத்தின்பாற் செய்த செயலை நாம் பழிக்கவில்லை. எனினும் இரும்போடு விபத்தின் சான்றும் அன்று புதைந்துபோயிற்று. சான்று மறைந்த இடத்தில் கதை வளர்தல் இயல்பன்றோ!

42 ஆண்டுகள் கழிந்தன. 1969-ல் வட வேல்ஸைச் சேர்ந்த யந்திரத் தொழில் ஆசிரியரான ஓவன் வின் ஓவன் என்பார், அப்போது இராணுவத்தின் வசமிருந்த அந்நிலத்தில் அனுமதி பெற்று வண்டியை அகழ்ந்தெடுத்தார். பிணத்தைத் தோண்டுவது போலாகுமென வருந்தினோரும் உண்டு. மேற்றகடுகள் பெரும்பாலும் துருவேறி அழிந்திருந்தன. யந்திர உறுப்புகள் பல மீட்கத்தக்கனவாய் இருந்தன. உப்பு நீரில் அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பின் அலுமினியம் விரைந்து அரிக்கப்படும். ஆதலின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி, கழுவி, அளந்து, கொள்வது கொண்டு தள்ளுவது தள்ள வேண்டியிருந்தது. ஏறத்தாழ 15 ஆண்டு உழைப்பின் பின் இஞ்சின் மீண்டும் முழங்கியது. சிதைவுகளை ஆராய்ந்தபின் சங்கிலிக் கதையும் ஐயத்துக்குள்ளாயிற்று. பின்சக்கரம் சிதைந்ததே முதற்காரணமாகலாமென்ற கருத்து எழுந்தது.

பழைய உறுப்பும் புதிய உறுப்பும் கலந்த அவ்விஞ்சின் பழைய இஞ்சின்தானா என்று கேட்பாருளர். தாமஸ் ஓட்டிய நாளிலேயே அது வாஷிங்டனில் வரைந்தபடி இருக்கவில்லையே! பல கைகள் மாற்றி மாற்றி அமைத்ததே அதன் வாழ்வு. எது பழையது, எது புதியது என்பதை மறைக்காமல் எழுதி வைப்பின், புதுக்குதல் பொய்யாகாது. சரித்திரத்தின் மற்றோர் அத்தியாயமே ஆகும்.

இனி நம்மவர் சிந்திக்க வேண்டியதொன்றுண்டு. அத்தகைய வேகத்துக்கு இஞ்சின் மட்டும் போதாது, டயரும் வேண்டும். 1920-களில் உலகத்து ரப்பரில் பெரும்பங்கு மலாயாவினின்று சென்றது. அதன் பாலை வெட்டியவருள் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் எண்ணிறந்தோர். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் நாம் இதனை நன்கறிவோம்: பால் வெட்டுவோர் பெயர் செக்ரோலில் ஏறும், ரப்பர் லாரியில் ஏறியபின் நிறை மட்டுமே உடன் செல்லும், பெயர் செல்லாது. எந்தக் கையின் உழைப்பு எந்த டயராய் உருண்டதென எக்கணக்கும் கூறாது.

பாப்ஸின் இஞ்சினுக்கு வரைந்தவர், பொருத்தியவர், புதுக்கியவர், தோண்டியவர் என்னும் நால்வகையாரின் பெயரும் கிடைக்கின்றன. அதனாலேயே அதன் கதையை நாம் சொல்ல முடிந்தது. நம் தோட்டத்து ரப்பர் ஆலைகளிலும் நகரத்துப் பட்டறைகளிலும் பழைய யந்திரங்களைக் காத்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர். அவர்தம் பெயரையும், அவர் செய்த வேலையையும், ஆண்டையும் அறிந்தோர் இன்றே ஏட்டில் எழுதுவாராக. எழுதாது விட்டதை மணலைத் தோண்டி மீட்க ஒருவராலும் இயலாது.