சாராயத்தில் நிறம் போன மீன்



உப்பிலியபுரத்திலிருந்து கடல் 100 கிலோமீட்டருக்கும் மேல். பெயரிலேயே உப்பு இல்லை என்று சொல்லிவிடும் ஊர்! நமக்கு மீன் என்றால் ஏரிக் கெண்டையும் ஐஸ் பெட்டியில் வந்திறங்கும் மத்தியும்தான். ஆனாலும் இன்று ஒரு கடல் மீனின் கதை. அது தொடங்குவது நம் காவிரி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தரங்கம்பாடியில்.

1771இல் அங்கே வந்தவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார். அப்போது தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. ஜான் பள்ளிகள் நடத்தியவர், நம் தொழில்காரர். ஓய்வு நேரத்தில் மீன், சங்கு, பாம்பு எல்லாம் சேகரித்தார். மீன்களை பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். பிளாக் அன்றைய ஐரோப்பாவின் பெரிய மீன் அறிஞர். அவர் 1793இல் ஒரு கத்தாழை மீனுக்கு வைத்த பெயர் 'ஜானியஸ் கருட்டா'. முன்பாதி நம் பாதிரியார் பெயர். பின்பாதி, நம் மீனவர் சொல்லும் 'கருத்த' கத்தாழை! லத்தீனுக்குள் தமிழ் நுழைந்த விதத்தைப் பாருங்கள்.

பிளாக் 1799இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற வேலையை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801இல் வெளியிட்டார். அதில் தரங்கம்பாடியிலிருந்து வந்த இன்னொரு மீன் உண்டு: 'லேப்ரஸ் நைக்ரெசென்ஸ்'. இன்று 'ஹாலிகோரஸ் நைக்ரெசென்ஸ்' என்கிறோம். ராஸ் குடும்பத்து மீன். கிளிமீனுக்கு நெருங்கிய உறவு. பாறையும் பவளமும் உள்ள கரையோரத்தில் வாழும் சிறிய மீன். உயிரோடு பார்த்தால் பச்சை உடம்பு, ஆணுக்கு இளஞ்சிவப்புக் கோடுகள் வேறு. ஆனால் 'நைக்ரெசென்ஸ்' என்றால் கறுத்துப் போகிற என்று பொருள்.

பச்சை மீனுக்கு ஏன் அந்தப் பெயர்? சாராயத்தில் ஊறிய மீனில் நிறம் நிற்காது. கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

புட்டியில் வைத்துப் படித்ததால் வந்த குழப்பம் இது ஒன்று மட்டுமில்லை. ராஸ் மீன்களில் குஞ்சுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம், முதிர்ந்த ஆணுக்கு வேறு நிறம். ஒரே இனத்தை இரண்டு மூன்று இனங்களாக எழுதி வைத்தார்கள். அந்தப் பெண்ணே பிறகு ஆணாகிறது என்று யாருக்குத் தோன்றும்?

அதற்குத் தண்ணீருக்குள் இறங்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ராபர்ட்சன் என்பவர் துப்புரவு ராஸ் மீனைக் கவனித்து 1972இல் எழுதினார். மற்ற மீன்களின் உடம்பிலும் வாயிலும் ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்னும் மீன் அது. ஓர் ஆண், அதன் கீழ் பல பெண்கள், அவற்றுக்குள் வரிசை. ஆண் செத்தால் மூத்த பெண் சில மணி நேரத்திலேயே ஆண்போல மிரட்ட ஆரம்பிக்கிறது. இரண்டரை வாரத்துக்குள் விந்து உண்டாகி நிஜ ஆணாகிவிடுகிறது. வகுப்பில் லீடர் வராத அன்று அடுத்தவன் எழுந்து நிற்பது நினைவுக்கு வருகிறதா? (யார் யார் என்று நான் சொல்லவில்லை.)

இந்த மீன் நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. பிறைபோன்ற வால் கொண்ட நிலா ராஸும் உண்டு. லின்னேயஸ் 1758இலேயே அதற்கு நிலாவின் பெயரை வைத்துவிட்டார், அது நல்ல பெயர்.

இவை இரண்டும் இரவில் பவள இடுக்குகளில்தான் ஒதுங்கும். அந்தப் பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் வெட்டியெடுத்தோம். 1986இல் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவிலுள்ள 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. அதற்குள் தாமதமாகிவிட்டது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். 2016இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.