தவப் பூனையும் பிரசங்க நரியும்

புதுப்பட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் சற்று நேரத்தில் மாமல்லபுரம். அங்கே அர்ச்சுனன் தபசு முன்னால் கூடுகிறவர்களில் பாதிப் பேர் தேடுவது அர்ச்சுனனை அல்ல, பூனையை.

ஏறக்குறைய 30 மீட்டர் நீளப் பாறை. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. நடுப்பிளவுக்கு இடப்பக்கம், விலா எலும்பு தெரிய, கைகளைத் தலைக்குமேல் தூக்கி, ஒற்றைக்காலில் நிற்கிறார் தவசி. அவர் அர்ச்சுனனா, பகீரதனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வலப்பக்கம், பெரிய யானையின் காலடியில், கைதூக்கி அதே தவக்கோலத்தில் ஒரு பூனை; அதைச் சுற்றி எலிகள். சரியான உருத்திராட்சப் பூனை! கைகூப்பும் எலியைப் பார்த்தும் சிரிக்காதவர் கிடையாது.

இங்கிலாந்தின் ரிப்பன் தேவாலயத்திலும் இப்படி ஒரு போலிச் சாமியார் உண்டு. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கிய மர இருக்கையில், பிரசங்க மேடை ஏறிய நரி பறவைகளுக்கு உபதேசம் செய்கிறது. ஆனால் அது இருக்கைப் பலகையின் அடிப்பக்கம். பலகையை மடித்தால்தான் தெரியும். பல்லவச் சிற்பிக்கு அந்த ஒளிவுமறைவு தேவைப்படவில்லை.

எல்லாத் துறவிகளும் இத்தகைய சிற்பங்களை ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. மடத்துத் தாழ்வாரங்களில் குரங்குக்கும் சிங்கத்துக்கும் வேட்டைக்காரனுக்கும் என்ன வேலை என்று 1125 வாக்கில் கடிந்து எழுதினார் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்ட். ஜெபத்தை விட்டு மனம் சிற்பத்தில் மேய்ந்துவிடும் என்பது அவர் கவலை. தபசுப் பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் கல் குரங்குக் குடும்பத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! குட்டி பால் குடிக்க, ஆண் குரங்கு பெண்ணுக்குப் பேன் பார்க்கிறது. எந்தப் புராணமும் கேட்காத காட்சி.

பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் கண்ணன் கோவர்த்தனத்தைத் தூக்கி நிற்கிறான். ஆனால் கண்ணை இழுப்பவர் பால் கறக்கும் ஆயர். பசு திரும்பிக் கன்றை நக்குகிறது. ஒருத்தி தலைச்சுமையோடு போகிறாள். பிரான்சின் அமியான்ஸ் தேவாலய வாசலிலும் 13ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் ஊர்வேலைகளைச் செதுக்கினார்கள். ஆனால் மாதத்துக்கு ஒன்றாக, ராசிகளோடு, கட்டம் கட்டி. இங்கே கட்டம் இல்லை. தெய்வமும் மாடும் ஒரே தரையில் நிற்கின்றன.

கோவர்த்தனச் சிற்பப் பாறையும் முதலில் திறந்தவெளியில்தான் இருந்தது. முன்னால் இருக்கும் தூண் மண்டபம் விஜயநகரக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. மழைக்கும் வெயிலுக்கும் அது நல்ல காப்பு. சிற்பங்கள் மீது நேராக விழுந்த வெளிச்சத்தை மட்டும் மறைத்துவிட்டது.