ஊர் வந்த பிறகு

ஒடிசியஸால் ஒற்றைக் கண்ணும் பறிபோன அரக்கன் பாலிஃபீமஸ் கடற்கரையில் நின்று, கடல் தேவனான தன் தகப்பன் பொசைடனிடம் கையேந்தி வேண்டுகிறான். ஒடிசியஸ் வீடு போய்ச் சேரவே கூடாது. சேர்ந்துதான் ஆக வேண்டும் என்று விதி இருந்தால், வெகுகாலம் கழித்துச் சேரட்டும். கூட வந்தவர்கள் அத்தனை பேரையும் பறிகொடுத்து, அந்நியர் கப்பலில் ஏறிச் சேரட்டும். சேர்ந்த வீட்டிலும் தொல்லை காத்திருக்கட்டும்.

ஹோமரின் பெயரில் வழங்கும் 'ஒடிசி' காவியத்தின் கதைச்சுருக்கம் இந்தச் சாபத்திலேயே அடங்கிவிடுகிறது. முதல் வேண்டுதலைத் தவிர மற்றவை எல்லாம் ஒன்று விடாமல் பலிக்கின்றன. அதிலும் கடைசி வேண்டுதலுக்குக் கவி ஒதுக்கியிருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. 24 காண்டங்கள், சுமார் 12,100 வரிகள் கொண்ட காவியத்தில் 13-வது காண்டத்திலேயே நாயகன் சொந்த மண்ணான இதாகாவில் இறங்கிவிடுகிறான். மிச்சமுள்ள பாதிக் காவியமும் ஒரு சின்னத் தீவில், பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது.

ஊருக்குத் தெரிந்த ஒடிசியஸ் வேறு. பாடி மயக்கும் சைரன்கள், ஆட்களைப் பன்றிகளாக்கும் சர்சி, ஆறு தலை கொண்ட சில்லா, காற்றை மூட்டை கட்டிக் கொடுத்த அயோலஸ் என்று சிறுவர் புத்தகங்களும் திரைப்படங்களும் வளர்த்த ஒடிசியஸ் அவன். இந்தக் கடல் சாகசங்கள் எல்லாம் ஒன்பதாம் காண்டத்தில் தொடங்கிப் பன்னிரண்டாம் காண்டத்தோடு முடிந்துவிடுகின்றன. அவற்றையும் கவி தன் வாயால் சொல்வதில்லை. கரை ஒதுங்கிய இடத்தில், ஃபேயாக்கியர் அரசன் வீட்டு விருந்தில், வயிறாரச் சாப்பிட்ட பிறகு ஒடிசியஸே சொல்கிறான். டிராயிலிருந்து அவனோடு புறப்பட்ட கப்பல்கள் 12. அவற்றில் 11 கப்பல்களை லேஸ்ட்ரிகோனிய அரக்கர்கள் பாறைகளை வீசி நொறுக்கினார்கள். கடைசிக் கப்பலை இடி அழித்தது. ஆக, சாட்சி சொல்ல ஒருவர்கூட உயிரோடு இல்லை! இதே ஆள் பிற்பாடு இதாகாவில் தான் கிரீட் தீவுக்காரன் என்று ஆளுக்கொரு கதை அளக்கிறான். பாலிஃபீமஸ் விவகாரத்தை முதல் காண்டத்தில் தேவர்களின் அரசன் ஜீயுஸே குறிப்பிடுவதால், எல்லாமே புளுகு என்று தள்ளிவிடவும் முடியாது. கேட்பவரைக் கொஞ்சம் சந்தேகப்பட வைப்பதும் கவியின் கைவேலைதான்.

டிராய்ப் போர் பத்து ஆண்டு, திரும்பும் வழி பத்து ஆண்டு என்பது பரவலாகத் தெரிந்த கணக்கு. அந்த இரண்டாவது பத்தில் ஏழு ஆண்டு கலிப்சோ என்ற தேவதையின் தீவிலும், ஓராண்டு சர்சியின் வீட்டிலும் கழிந்துவிட்டன. அலைந்த காலத்தைவிட அடைபட்டுக் கிடந்த காலம்தான் அதிகம். காவியம் நேரடியாகக் காட்டுவதோ ஏறக்குறைய 40 நாட்களை மட்டும்.

போரிலிருந்து வீடு திரும்பும் கதைகளுக்கு அன்றைய கிரேக்கத்தில் தனி மவுசு இருந்தது. டிராயிலிருந்து திரும்பிய ஒவ்வொரு தலைவனுக்கும் ஒரு கதை உண்டு. அகமெம்னான் ஊர் திரும்பிய கையோடு, மனைவியும் அவளுடைய காதலனும் செய்த சதியில் செத்தான். அவன் தம்பி மெனெலாஸ் எகிப்து வரை அலைந்து எட்டாம் ஆண்டில் ஸ்பார்ட்டா சேர்ந்தான். கிழவன் நெஸ்டர் மட்டும் சேதமில்லாமல் பைலோஸ் போய்ச் சேர்ந்தான். இத்தகைய கதைகளைத் தொகுத்துப் பாடிய தனிக் காவியமே ஒன்று இருந்தது. இன்று அதன் சுருக்கம்தான் மிஞ்சியிருக்கிறது. 'ஒடிசி'யில் அகமெம்னானின் பெயர் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் இல்லை. பாதாள உலகில் ஒடிசியஸைச் சந்திக்கும் அவனுடைய ஆவி, கப்பலை ரகசியமாகக் கரை சேர்க்கும்படி எச்சரித்து அனுப்புகிறது. இருபது ஆண்டு ஆளில்லாத வீட்டுக்குள் கதவைத் தட்டிக்கொண்டு நுழைவது எவ்வளவு ஆபத்து என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்தக் காலம் எந்தக் காலம் என்பதில்தான் வரலாற்றாசிரியர்களுக்குச் சுவாரசியம். 1939-ல் அமெரிக்கத் தொல்லியலாளர் கார்ல் பிளேகன் பைலோஸ் பகுதியில் தோண்டத் தொடங்கியதுமே எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் கிடைத்தன. அவர் தோண்டிய இடம் கி.மு. 1200-ஐ ஒட்டி எரிந்துபோன ஓர் அரண்மனை. சுடாத களிமண் பலகைகளை அந்தத் தீயே சுட்டுப் பாதுகாத்துக் கொடுத்திருந்தது. 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்துக் காட்டினார். காவியத்தை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆடுகள் எத்தனை, வெண்கலம் எவ்வளவு, துடுப்பு வலிக்கும் ஆட்கள் யார் யார் என்று முழுக்க முழுக்கக் கணக்குப்பிள்ளை எழுத்து. ஆனால் அதே அரண்மனையில் சுடுமண்ணால் செய்த குளியல் தொட்டி ஒன்றும் கிடைத்தது. மூன்றாம் காண்டத்தில் அப்பாவைத் தேடிப் பைலோஸ் வரும் ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸை நெஸ்டரின் இளைய மகள் குளிப்பாட்டுகிறாள். அந்தத் தொட்டி இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. காவியம் உருவானது அரண்மனை எரிந்து நான்கு, ஐந்து நூற்றாண்டுகள் கழித்து. 

வந்தவரைக் குளிக்கவைத்து, சோறு போட்டு, அதன் பிறகே பேர் ஊர் கேட்பது அன்றைய விருந்து முறை. வீடு தேடி வரும் அந்நியரைக் காப்பவர் ஜீயுஸ். 'ஒடிசி'யில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதை இந்த ஒரு முறையை வைத்தே அளந்துவிடலாம். ஃபேயாக்கியர்கள் கரை ஒதுங்கியவனுக்கு உடுப்பும் உணவும் கொடுத்து, பாட்டும் பந்தயமும் நடத்திய பிறகுதான் அவன் பெயரைக் கேட்கிறார்கள். பாலிஃபீமஸ் எடுத்த எடுப்பில் யார் என்று கேட்கிறான். பிறகு விருந்தாளிகளில் ஆறு பேரைத் தின்கிறான். இதாகாவில் நடப்பதோ தலைகீழ். அங்கே விருந்தாளிகள் வீட்டைத் தின்கிறார்கள்.

ஒடிசியஸின் மனைவி பெனிலோப்பைக் கட்டிக்கொள்ள வந்து குந்தியிருக்கும் அந்த இளைஞர்களின் கணக்கை டெலிமாக்கஸ் தகப்பனிடம் ஒப்பிக்கிறான். துலிகியத்திலிருந்து 52, சாமேயிலிருந்து 24, ஸாக்கிந்தோஸிலிருந்து 20, இதாகாவிலேயே 12. மொத்தம் 108 பேர். தினமும் ஆடும் பன்றியும் மாடும் அறுபடுகின்றன; ஒயின் ஜாடிகள் காலியாகின்றன. தட்டிக் கேட்க ஆளில்லை. ஒடிசியஸ் கப்பலேறிய நாளிலிருந்து இதாகாவில் ஊர்க்கூட்டமே நடக்கவில்லை என்று இரண்டாம் காண்டத்தில் ஒரு பெரியவர் சொல்கிறார். புருஷன் உயிரோடு இருக்கிறானா என்பது தெரியாததால் அவள் மனைவியா விதவையா என்பதற்கும் விடையில்லை. மாமனார் லேயர்டீஸுக்குச் சாவுத்துணி நெய்து முடித்ததும் பதில் சொல்கிறேன் என்று பகலில் நெய்து, இரவில் பிரித்து, மூன்று ஆண்டு கடத்தினாள். வேலைக்காரி ஒருத்தி காட்டிக்கொடுத்ததால் அந்த உபாயமும் போயிற்று.

இந்த வீட்டுக்குத்தான் ஒடிசியஸ் வந்து சேர்கிறான், அதுவும் தூக்கத்தில். ஃபேயாக்கியர்கள் அவனைப் படுக்கையோடு தூக்கிக் கரையில் கிடத்திவிட்டு, பரிசுப் பொருட்களை ஓர் ஆலிவ் மரத்தடியில் அடுக்கிவைத்துவிட்டுப் போகிறார்கள். பத்து ஆண்டு ஏங்கிய ஊர் விழித்து எழுந்தவனுக்கு அடையாளம் தெரியவில்லை, ஏனென்றால் அதீனா தேவி மூடுபனியைப் பரப்பியிருக்கிறாள். அவன் முதலில் செய்யும் காரியம், பரிசுப் பொருட்களில் ஏதாவது திருடுபோயிருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது. இரண்டாவது காரியம், ஆட்டிடையன் உருவில் வந்த அதீனாவிடமே பொய் சொல்வது. தேவி சிரித்துவிடுகிறாள்.

கிழப் பிச்சைக்காரனாக உருமாறி நுழையும் அவனை யார் யார் எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்பதுதான் பின்பாதியின் ஓட்டம். பத்திரமோ முத்திரையோ இல்லாத உலகம் அது. ஒருவன் தான் இன்னாரென்று காட்டப் பிறர் மனதில் பதிந்த நினைவுகளே ஆதாரம். குப்பைமேட்டில் உண்ணி மொய்த்துக் கிடக்கும் ஆர்கோஸ் என்ற கிழநாய் வாலை ஆட்டிவிட்டுச் சாகிறது. இளவயதில் அவனை வளர்த்த தாதி யூரிக்லியா, பிச்சைக்காரனின் கால் கழுவ உட்காருகிறாள். அவன் சட்டென்று நெருப்பு வெளிச்சத்துக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தும் பயனில்லை. தொடையில் பழைய தழும்பு அவள் விரலில் தட்டுகிறது. சின்ன வயதில் பர்னாசஸ் மலையில் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தபோது காட்டுப்பன்றி கிழித்த காயம். அந்த இடத்தில் கவி கதையை நிறுத்திவிட்டு, தாத்தா அவனுக்குப் பெயர் வைத்த நாளிலிருந்து காயம் ஆறியது வரை எழுபது வரிக்கு மேல் நிதானமாகச் சொல்கிறான். அப்புறம்தான் கிழவி காலை விடுகிறாள், கால் விழுந்து வெண்கலப் பாத்திரம் உருள்கிறது, தண்ணீர் தரையெல்லாம் ஓடுகிறது. சத்தம் போடாதே என்று அவன் அவள் குரல்வளையைப் பிடிக்கிறான். இலக்கிய அறிஞர் எரிக் அவர்பாக் தன் 'மைமேசிஸ்' நூலை இந்தத் தழும்பிலிருந்துதான் தொடங்கினார். நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி, ஊர் திரும்ப வழியில்லாமல் இஸ்தான்புல்லில் இருந்துகொண்டு எழுதிய நூல் அது.

பெனிலோப் லேசில் மசிகிற ஆள் இல்லை. எதிரிகளை எல்லாம் முடித்துவிட்டு வந்து நிற்கிறவனிடம் அவள் ஒரு சோதனை வைக்கிறாள். கட்டிலை வெளியே எடுத்துப் போடும்படி தாதியிடம் சொல்கிறாள். ஒடிசியஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. வேர்விட்டு நின்ற ஆலிவ் மரத்தையே காலாகச் செதுக்கி, அதைச் சுற்றி அறை கட்டியவன் அவன்; அந்தக் கட்டிலை நகர்த்தவே முடியாது. இந்த ரகசியம் தெரிந்தவன் வேறு யாராகவும் இருக்க முடியாது. தகப்பன் லேயர்டீஸுக்கோ ஆதாரம் தோட்டத்தில் இருக்கிறது. சிறுவயதில் தனக்கென்று அப்பா எழுதாமல் கொடுத்த மரங்களை மகன் எண்ணிக் காட்டுகிறான்: பேரி 13, ஆப்பிள் 10, அத்தி 40, திராட்சை வரிசை 50. காவியத்தில் இதைவிட உருக்கமான பட்டியல் வேறில்லை.

இடையில் நடக்கும் கொலைகளை உருக்கத்தோடு படிக்க முடியாது. 108 பேரும் சாகிறார்கள். அவர்களோடு படுத்த குற்றத்துக்காக 12 வேலைக்காரிகளை டெலிமாக்கஸ் ஒரே கயிற்றில் தூக்கிலிடுகிறான். அடிமைப் பெண்களுக்கு மறுக்கும் உரிமை எங்கே இருந்தது என்ற கேள்வியைக் கவி கேட்கவில்லை. அடிபணிந்து கெஞ்சிய பூசாரிக்கும் மன்னிப்பில்லை. ஆனால் பாடகன் ஃபெமியஸ் தப்பிவிடுகிறான். பாடுகிறவன் எழுதிய நீதி!

அந்தப் பாடகர்களின் தொழில் எப்படிப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் 1930-களில் யூகோஸ்லாவியாவுக்குப் போனார். குஸ்லே என்ற ஒற்றை நரம்பு வாத்தியத்தை இழுத்தபடி மணிக்கணக்காகக் காவியம் பாடியவர்களை அங்கே ஒலித்தட்டில் பதிவுசெய்தார். அவர்களில் அவ்தோ மெதெதோவிச் கசாப்புத் தொழில் செய்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. 1935-ல் அவர் பாடிக்கொடுத்த ஒரு பாட்டு 12,000 வரியைத் தாண்டியது, ஏறத்தாழ 'ஒடிசி'யின் நீளம். அந்த மலைப்பகுதியில் வழங்கிய பாட்டுகளில் ஒரு வகையே உண்டு: பல்லாண்டு சிறையில் கிடந்தவன் வேடம் மாறி ஊர் வருகிறான், மனைவிக்கு மறுமணம் நடக்கப்போகிறது, ஏதோ ஓர் அடையாளத்தால் கண்டுகொள்ளப்படுகிறான். அந்த ஆண்டே பாரி இறந்துவிட, அவருடைய உதவியாளர் ஆல்பர்ட் லார்ட் 1960-ல் இவற்றையெல்லாம் நூலாக்கினார்.

ஒடிசியஸ் போன வழியை வரைபடத்தில் தேடுகிறவர்களைப் பழங்காலத்திலேயே கிண்டல் செய்தார்கள். பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரடோஸ்தனிஸ், காற்று மூட்டையைத் தைத்த செருப்புத் தொழிலாளியைக் கண்டுபிடித்த பிறகு அந்த இடங்களையும் கண்டுபிடிக்கலாம் என்றாராம். இருந்தும் ஆட்கள் ஓயவில்லை. ஹைன்ரிக் ஷ்லீமன் 1868-ல் இதாகாவின் ஏட்டோஸ் மலையில் தோண்டி, கிடைத்த தாழிகளில் ஒடிசியஸின் சாம்பலே இருக்கக்கூடும் என்று புளகாங்கிதப்பட்டார். அவருடைய சகா டோர்ப்ஃபெல்ட், பக்கத்துத் தீவான லெஃப்காடாதான் உண்மையான இதாகா என்று கடைசி வரை வாதாடி, அங்கேயே அடக்கமானார். 2005-ல் ராபர்ட் பிட்டில்ஸ்டோன் கெஃபலோனியாவின் பாலிக்கி முனையைக் கைகாட்டினார். குழப்பத்துக்குக் காரணம் ஹோமரேதான்: காவியம் வருணிக்கும் இதாகா எல்லாத் தீவுகளுக்கும் மேற்கே கிடக்கிறது, இன்றைய இதாகாவோ கெஃபலோனியாவுக்குக் கிழக்கே.

இத்தனை சண்டைக்கு நடுவே உறுதியாகக் கைக்குக் கிடைத்தது ஒன்று உண்டு. 1930-களில் சில்வியா பென்டன் இதாகாவின் பொலிஸ் வளைகுடாக் குகையில் தோண்டினார். கி.மு. ஒன்பது, எட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த வெண்கல முக்காலிக் கொப்பரைகள் வெளிவந்தன. காவியத்தில் ஃபேயாக்கியர்கள் கொடுத்தனுப்பும் பரிசுகளிலும் இதே முக்காலிகள் உண்டு. அதே குகையில் கிடைத்த சுடுமண் முகமூடித் துண்டு ஒன்று ஒடிசியஸுக்கு நேர்ந்துகொண்ட காணிக்கை என்கிறது. ஹோமரைவிட ஐந்நூறு ஆண்டாவது பிந்தியது அது. ஒடிசியஸ் வாழ்ந்தானோ இல்லையோ, அங்கே அவனுக்கு வேண்டுதல் வைத்த சனம் இருந்திருக்கிறது.

கதை முடிகிற இடம் பற்றியும் தகராறு உண்டு. புருஷனும் மனைவியும் கட்டிலுக்குப் போவதோடு, அதாவது 23-வது காண்டத்திலேயே காவியம் முடிந்துவிடுகிறது என்று அலெக்சாந்திரியா அறிஞர்கள் இருவர் கருதினார்கள். ஆனால் நம் கையிலுள்ள காவியத்தில் செத்தவர்களின் உறவினர்கள் ஆயுதத்தோடு வருகிறார்கள். அதீனா வந்து விலக்கிவிட வேண்டியிருக்கிறது. போதாததற்கு, இன்னொரு பயணமும் பாக்கி என்று ஒடிசியஸ் படுக்கைக்குப் போகும் முன்பே மனைவியிடம் சொல்லிவிடுகிறான். தோளில் துடுப்பைச் சுமந்துகொண்டு, கடலையே அறியாத ஒருவன் அதைத் தூற்றுமுறம் என்று நினைக்கும் இடம் வரை உள்நாட்டில் நடந்துபோய், பொசைடனுக்குப் பலி கொடுக்க வேண்டும்.

அவன் போனானா என்பதை 'ஒடிசி' சொல்லவில்லை. பின்னால் வந்த 'டெலிகனி' என்ற இரண்டு காண்டக் காவியம் மிச்சக் கதையைத் தன் பாணியில் முடித்துவைத்தது. சர்சிக்குப் பிறந்த மகன் டெலிகோனஸ் அப்பாவைத் தேடி இதாகா வந்து, ஆள் தெரியாமல் அவனையே கொன்றுவிடுகிறான். பிறகு டெலிகோனஸ் பெனிலோப்பையும், டெலிமாக்கஸ் சர்சியையும் கட்டிக்கொள்கிறார்கள். அந்தக் காவியமும் தொலைந்துபோய், உரைநடைச் சுருக்கமாகவே எஞ்சியிருக்கிறது. அது தொலைந்ததற்காக யாரும் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை.